அப்பாவுக்கு முட்டி வலி!

2018 ஜனவரியில் எங்கள் குடும்பத்தில் ஒரு பொய் சொல்லப்பட்டது. சொன்னவர் என் அப்பா. பலனை அனுபவித்தவன் நான். ஆறு வருடம் வட்டியோடு அனுபவித்துவிட்டு இப்போது ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன். உறையூர், லால்குடி, தாம்பரம் ஆகிய இடங்களில் வசிக்கும் எங்கள் உறவினர்கள் இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில் அப்பாவைப் பற்றி. திருச்சியில் ஓர் அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, சூப்பரின்டெண்டாக 2014-ல் ரிடையர் ஆனவர். திருச்சியில் இரண்டே பருவங்கள்தான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெயில், கடும் வெயில். அந்த ஊரில் பிறந்து, அந்த ஊரிலேயே ஃபேனுக்குக் கீழே ஃபைல் பார்த்து, அந்த ஊரிலேயே பென்ஷன் வாங்கும் மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. முழங்கால் அளவு பனியில் நடந்து ஒரு மலை உச்சியில் போய் நிற்கணும்! கோடை விடுமுறையில் ஊட்டிக்குப் போய் ஸ்வெட்டர் வாங்கி வருகிற ஆசை இல்லை சார். நிஜப் பனி. நிஜக் குளிர்காலம்.

ஆசைக்குக் காரணம் ஒரு காலண்டர். 1993-ல் ஏதோ ஒரு கடையில் கொடுத்த மாதக் காலண்டர். அதில் ஜனவரி மாதத்துக்கு ஒரு பனிமலைப் படம். வருஷம் முடிந்ததும் மற்ற பதினொரு மாதங்களும் என் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டையாகப் போயின. ஜனவரியை மட்டும் அப்பா பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் பீரோவைத் திறந்தால் எப்போதும் ஜனவரிதான்.

ஆசையை வெறும் ஆசையாக விட்டால் அவர் என்ன கவர்ன்மென்ட் ஸ்டாஃப்? 1996-ல் ஒரு நீள நோட்டில் தலைப்புப் போட்டார்: ‘பனி’. மாசம் 50 ரூபாய் வரவு. நான் பி.காம். சேர்ந்த புதிதில், கையில் கணக்குப் புத்தகம் கிடைத்த பெருமையில், ஒருநாள் அந்த நோட்டை ஆடிட் செய்தேன். வரவுப் பக்கம் அழகாக இருந்தது. பற்றுப் பக்கத்தில்தான் சமாச்சாரம். ‘அம்மா கண் ஆபரேஷன்’ என்று ஒரு வரி. ‘பெண் கல்யாணம், பந்தல்காரர் பாக்கி’ என்று ஒரு வரி. கடைசியாக, மை காயாத புது வரி: ‘பையன் காலேஜ் ஃபீஸ்’.

பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அதன் பெயர் சேமிப்புக் கணக்கு அல்ல. ஒரு குடும்பத்தின் ஓவர்டிராஃப்ட்.

எனவே நான் சம்பாதிக்க ஆரம்பித்ததும் செய்த முதல் சபதம், அப்பாவைப் பனிமலைக்குக் கூட்டிப் போவது. (இரண்டாவது சபதம் பைக். அது உடனே நிறைவேறிவிட்டது.)

விசாரித்ததில் ஒரு மலை தேறியது. பெயர் கேதார்காந்தா. உத்தராகண்டில், உத்தரகாசி மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் 12,500 அடி. நம் தொட்டபெட்டா உச்சியின் மேல் பறங்கிமலையைப் பதின்மூன்று தடவை அடுக்கிக்கொள்ளுங்கள், ஏறக்குறைய சரியாக இருக்கும். இமயமலையில் பெரும்பாலான மலைப் பாதைகளைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். போக முடியாது. இந்த மலைக்கோ டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பனிக்காகவே ஆள் வருகிறார்கள். சாங்க்ரி என்ற கிராமத்தில் ஆரம்பித்து நாலைந்து நாளில் ஏறி இறங்கிவிடலாம். கயிறு, கோடரி சாகசம் எதுவும் கிடையாது. நடக்கத் தெரிந்தால் போதும் என்றார்கள்.

நடக்கத் தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன்.

* * *

2018 ஜனவரி. அப்பாவுக்கு 61. எனக்கு 29. மூன்று வாரம் ஜிம்முக்குப் போய் மார்பை விரித்துக்கொண்டு கிளம்பினேன். ‘வயசான அப்பாவை அழைத்துச் செல்லும் மகன்’ என்ற போஸ் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ரயிலில் எதிர் சீட்டுக்காரர்கள் பாராட்டினார்கள். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

முதல் நாள் சாங்க்ரியிலிருந்து ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கு ஏறவேண்டும். 6,400 அடியிலிருந்து 9,100 அடி. நான்தான் ஃபர்ஸ்ட். அப்பா கடைசி. கைடு தம்பியோடு இந்தியில் பேசிக்கொண்டே, மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போகிற மாதிரி வந்து சேர்ந்தார். அன்று ராத்திரியே எனக்குத் தலைவலி. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். மறுநாள் 11,250 அடியில் இருக்கும் பேஸ் கேம்ப்பில் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. ‘பசிக்கல’ என்றேன். அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ராத்திரி இரண்டரை மணிக்கு உச்சிக்குக் கிளம்புவார்கள். சூரிய உதயத்துக்கு மேலே இருக்கவேண்டும் என்று கணக்கு. நெற்றியில் விளக்கு, பூட்ஸுக்கு அடியில் இரும்புப் பற்கள். இரண்டு மணி நேரம் ஏறியிருப்போம். இமயமலையின் தூய வெண்பனியில், சிவபெருமானே தவம் செய்ததாக அந்த ஊர்க்காரர்கள் நம்பும் மலையில், நான் வாந்தி எடுத்தேன்.

கைடு வந்து என்னை நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னான். ஒரு காலின் குதிகால் இன்னொரு காலின் கட்டை விரலைத் தொடும்படி, அடி மேல் அடி வைத்து. குடித்துவிட்டு வண்டி ஓட்டினவனைப் போலீஸ் நடக்கவிடுமே, அதே பரீட்சை. மூன்றாவது அடியில் நான் இடதுபக்கம் போய்விட்டேன். தீர்ப்பு வந்துவிட்டது. உடனே கீழே இறங்கணும்.

இந்த மலைநோய் பற்றி அப்புறம்தான் விவரமாகத் தெரிந்துகொண்டேன். 12,500 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. மூச்சுக்கு மூச்சு கிடைக்கிற ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. உடம்பு அதற்குப் பழக நேரம் கேட்கும். நேரம் கொடுக்காமல் வேகமாக ஏறி, உடம்பைப் போட்டு வருத்துகிறவனைத்தான் அது பிடிக்கும். இளைஞன், கிழவன் என்று பார்க்காது. ஜிம் பாடிக்கு ஒரு சலுகையும் தராது. தலைவலியை மறைத்துக்கொண்டு மேலே மேலே போனால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொண்டு உயிருக்கே உலை வைக்கும். வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். இறங்குவது.

கைடு அப்பாவிடம் சொன்னான். “இவரை என் ஹெல்ப்பர் கீழே கூட்டிப்போகட்டும். பாபுஜி, நீங்க நல்லா இருக்கீங்க. நான் உங்களை மேலே கூட்டிப்போறேன். இன்னும் ரெண்டு மணி நேரம்தான்.”

என் அரைகுறை இந்திக்கே அது புரிந்தது. அப்பா ஹிந்தி பிரசார சபா பரீட்சைகள் எழுதி ராஷ்ட்ரபாஷா வரை பாஸ் செய்தவர். அவருக்குப் புரியாமலா?

அப்பா மேலே பார்த்தார். முன்னால் போனவர்களின் நெற்றி விளக்குகள் கார்த்திகை தீபம் மாதிரி வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. ஓர் அரை நிமிஷம் இருக்கும். 22 வருடம் மாசா மாசம் 50 ரூபாய் போட்டவர் அந்த அரை நிமிஷத்தில் என்ன கணக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. பிறகு, டவுன் பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி, “சரி விடு, அடுத்ததுல வந்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு, என் பையையும் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

ஆயிரத்துச் சொச்சம் அடி இறங்கியதும் தலைவலி விட்டது. மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது. அதுதான் பெரிய அவமானம்.

திருச்சி ஜங்ஷனில் ஒரு கூட்டமே வந்திருந்தது. சித்தப்பா மாலை வேறு கொண்டுவந்திருந்தார். “உச்சி எப்படிடா இருந்துச்சு?” நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“எனக்கு முட்டி வலிப்பா. பாதியிலயே திரும்பிட்டோம். இவன் நல்லாத்தான் ஏறினான். என்னாலதான் கெட்டுது.”

நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

“ஏண்ணே, இந்த வயசுல இதெல்லாம் தேவையா? சின்னப் பையன் ஆசையையும் கெடுத்துட்டீங்களே!” என்றார் சித்தப்பா. அப்பா சிரித்தார். வீட்டில் கேசரி செய்திருந்தார்கள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

* * *

அடுத்த வருடம் போய்விடலாம் என்றிருந்தோம். 2019-ல் என் மனைவிக்குப் பிரசவம். 2020, 2021 கொரோனா. 2022-ல் ஒருநாள் அப்பா மாடிப்படியில் நின்றுவிட்டார். டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, “மூட்டு தேய்மானம்” என்றார். எங்கள் கணக்குப் பாஷையில் டெப்ரிசியேஷன். 2018-ல் பொய்யாகச் சொன்ன முட்டி வலி, முன்தேதியிட்டு அமலுக்கு வந்துவிட்டது!

எனக்கு அதன் பிறகுதான் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. முட்டி நன்றாக இருந்தபோது அவரை நான் திருப்பிக் கூட்டிவந்துவிட்டேன். இப்போது முட்டி போய்விட்டது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

2023-ல் பேச்செடுத்தேன். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள். “கூடாது.”

இந்த இடத்தில் அமெரிக்காவிலிருந்து உதவி வந்தது. நான் பகலில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் கணக்கும், ராத்திரியில் பத்திரிகைகளுக்குக் கட்டுரையும் எழுதுகிறவன். அதற்காக எதையோ தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது கிடைத்த விஷயம். நியூ ஹாம்ப்ஷயர் என்ற மாநிலத்தில் 4,000 அடிக்கு மேல் 48 சிகரங்கள் உண்டு. அத்தனையையும் குளிர்காலத்திலேயே ஏறி முடித்தால் அங்குள்ள மலையேறுவோர் சங்கம் ஒரு தனிப் பட்டியலில் பெயர் சேர்க்கும். குளிர்காலம் என்றால் நம் மாதிரி ‘காலையில லேசா குளிருது’ கதை இல்லை. டிசம்பரில் சூரியன் வடக்கே திரும்பும் நேரத்துக்குப் பிறகு ஆரம்பித்து, மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நேரத்துக்குள் இறங்கியிருக்கணும். ஒரு மணி நேரம் முந்தினாலும் செல்லாது. முடிக்கப் பல வருடம் ஆகும். பெற்றவர்களும் பிள்ளைகளுமாகச் சேர்ந்து வருஷா வருஷம் ஏறி முடிக்கிறவர்கள் எல்லாம் உண்டு. அந்தக் குளிர்காலக் கணக்கை 1960 டிசம்பரில் முதன்முதலாக முடித்தவர்கள் ஒரு தம்பதி. மிரியம் அண்டர்ஹில், ராபர்ட் அண்டர்ஹில். அம்மாவுக்கு 62 வயது. ஐயாவுக்கு 71.

இதை போனில் அப்பாவிடம் சொன்னது என் தப்பு. அல்லது நல்ல காரியம். அன்றிலிருந்து அவர் வீட்டில் இதே பாட்டு. காபி கொடுத்தால், “அந்த ஐயாவுக்கு 71.” மாத்திரை கொடுத்தால், “அந்தம்மாவுக்கு 62.” அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, “அந்தம்மாவையே கூட்டிக்கிட்டுப் போங்க” என்று சொன்னாள். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டோம்.

டாக்டரிடம் போனோம். அப்பாவை டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈ.சி.ஜி. பார்த்தார்கள். இதயம் பிரமாதம் என்றார். முட்டிக்கு உறை போட்டுக்கொள்ளணும், ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டியில் பாரம் அதிகம், இரண்டு கையிலும் கைத்தடி கட்டாயம் என்றார். பிறகு, வந்த வேலையாக இருக்கட்டும் என்று எனக்கும் பிரஷர் பார்த்தார். அப்புறம் அப்பாவைக் கவனிக்கவே இல்லை. என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாசம் பயிற்சி. அப்பா வாரம் மூன்று நாள் மலைக்கோட்டை. உச்சிப் பிள்ளையார் வரை நானூற்றுச் சொச்சம் படிகள். ஓடுவதும் இல்லை, நிற்பதும் இல்லை. நாற்பது படி, நாலு மூச்சு. மறுபடி நாற்பது படி, நாலு மூச்சு. நான் சென்னையில் ஆபீஸ் மாடிப்படி. லிஃப்ட் இருக்கும்போது ஒருவன் மாடிப்படியில் ஏறினால் ஆபீசில் இரண்டு வதந்தி கிளம்பும். ஒன்று, அவனுக்கு ஹார்ட் பிராப்ளம். இரண்டு, அவனுக்கு மூன்றாவது மாடி டைப்பிஸ்ட் பிராப்ளம். இரண்டையும் சமாளித்தேன்.

2024 ஜனவரிக்குப் பணம் கட்டி, டிக்கெட்டும் வாங்கியாகிவிட்டது. அப்போது பார்த்து இமயமலை கையை விரித்தது. அந்த ஜனவரியில் மேற்கு இமயமலையில் பனியே இல்லை. குளிர்காலத்தில் மத்தியதரைக்கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிற காற்றுதான் அங்கே பனியாகக் கொட்டும். அந்த வருடம் அது ஜனவரிக் கடைசி வரை ஏமாற்றியது. காஷ்மீரில் பனிச்சறுக்குக்குப் பேர்போன குல்மார்க் கூடக் காய்ந்து பழுப்பாகக் கிடந்ததைப் பத்திரிகைகளில் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

“பனி இல்லாட்டி என்னப்பா, கூட்டம் குறைச்சலா இருக்கும். சுலபமா ஏறிடலாம். உங்க முட்டிக்கும் நல்லது” என்றேன்.

“வெறும் மலைன்னா இங்கயே மலைக்கோட்டை இருக்கேடா. கணக்குல என்ன தலைப்பு போட்டிருக்கு?” என்றார் அப்பா.

பயணத் தேதியைத் தள்ளி வைத்தோம். டிக்கெட் ரத்து, அபராதம், ஆடிட்டரிடம் இரண்டாவது முறையாக லீவு. மார்ச் நெருங்கும்போது லீவு கேட்கிற குமாஸ்தாவை ஓர் ஆடிட்டர் எப்படிப் பார்ப்பார் என்பதை வர்ணிக்க எனக்குத் தமிழ் போதாது. பிப்ரவரி தொடக்கத்தில் பனி கொட்டியது. இரண்டாவது வாரம் கிளம்பிவிட்டோம்.

* * *

திருச்சி, சென்னை, டெல்லி, டேராடூன். அங்கிருந்து ஜீப்பில் முசூரி, புரோலா, மோரி வழியாக சாங்க்ரி. 200 கிலோமீட்டர்தான். ஒரு பகல் முழுக்க ஆனது. வளைவுகளை எண்ணுவதை நான் புரோலாவுக்கு முன்பே நிறுத்திவிட்டேன்.

மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. கக்கூஸ். பனியில் தோண்டிய ஒரு குழி, அதைச் சுற்றி நிற்கிற ஓர் ஒல்லிக் கூடாரம், உள்ளே காகிதம். தண்ணீர் கிடையாது. இருந்தாலும் உறைந்துவிடும். 67 வருடம் காவிரித் தண்ணீரில் வாழ்ந்த மனிதர் அந்தக் கூடாரத்தின் வாசலில் நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன். “டேய், இதுக்கு அந்த ஐயா என்ன பண்ணியிருப்பாரு?” என்று கேட்டார். மலைநோய்க்கு என்று டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்திருந்த மாத்திரைக்கு ஒரு குணம். விரல்கள் மரத்துப்போகிற மாதிரி சுருசுருக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரிக் குளிரில், தூங்கும் பையின் ஜிப்பைத் திறந்து, பூட்ஸ் மாட்டி, வெளியே போய்... வேண்டாம், விடுங்கள்.

ஆனால் இந்தத் தடவை நான் அப்பாவுக்குப் பின்னால்தான் நடந்தேன். ஒரு தடவை பொறுக்காமல் முந்தப் பார்த்தேன். அவர் திரும்பாமலே, “எங்க ஓடுற? மேல என்ன அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரா வெச்சிருக்கான், ஓடிப்போய்க் கையெழுத்துப் போட?” என்றார். நாற்பது அடி, நாலு மூச்சு. மலைக்கோட்டைக் கணக்கு.

அந்த வேகத்தில் நடந்தபோதுதான் 2018-ல் பார்க்காததையெல்லாம் பார்த்தேன். மேப்பிள், ஓக், பைன் என்று உயரத்துக்கு உயரம் காடு மாறிக்கொண்டே வருகிறது. ஜூடா கா தாலாப் ஏரி மேலே உறைந்து கிடக்கிறது. ஜூடா என்றால் கொண்டை. சிவபெருமான் சடையை அவிழ்த்தபோது உண்டான ஏரி என்று கைடு கதை சொன்னான். கையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கணும் என்றும் சொல்லிக்கொடுத்தான். தண்ணீர் மேலிருந்துதான் உறையும். தலைகீழாக வைத்தால் வாய் அடைக்காது. அப்பா இதை உடனே ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார். திருச்சியில் எதற்குப் பயன்படும் என்று நான் கேட்கவில்லை.

பேஸ் கேம்ப்பில் விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள். கொரோனா புண்ணியத்தில் அது நமக்கெல்லாம் பழக்கமானதுதான். அப்பாவுக்கு 87. எனக்கு 84. “ரெண்டு பேரும் பாஸ்” என்றான் கைடு. பிறகு அப்பாவின் முட்டியைப் பார்த்துவிட்டு ஓர் ஏற்பாடு செய்தான். மற்றவர்கள் இரண்டரைக்குக் கிளம்பட்டும், நாம் ஒன்றரைக்கே கிளம்புவோம். காலை ஒன்பது மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடணும். பேச்சுக்கு இடமில்லை.

2018-ல் நான் வாந்தி எடுத்த இடம் எது என்று இருட்டில் தெரியவில்லை. தாண்டியிருப்போம். பின்னால் கிளம்பியவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். அந்தக் கூட்டத்தைச் சொல்லணும். தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு மங்கிக்குல்லா போட்டால் கேதார்காந்தா. நல்லவேளை, கூட்டம் மேலே போய்விட்டது. நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம். கிழக்கே மெல்ல வெளுத்தது.

கடைசி ஏற்றம்தான் செங்குத்து. அதன் பாதியில் அப்பா உட்கார்ந்துவிட்டார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. முகம் சாம்பலாக இருந்தது. சூரியன் வந்தாகிவிட்டது. மேலேயிருந்து கூட்டத்தின் ‘ஹர ஹர மகாதேவ்’ கேட்டது.

“நீ போயிட்டு வா” என்றார். “நான் இங்க உக்காந்திருக்கேன். இந்தத் தடவை நிஜமாவே முட்டி.”

கைடு என்னைப் பார்த்தான். உச்சி தெரிகிற தூரம். எனக்கு மூச்சு சரியாக இருந்தது, தலைவலி இல்லை. ஓடினால் முக்கால் மணி நேரத்தில் தொட்டுவிட்டு வரலாம். எனக்கும் ஓர் அரை நிமிஷம் கிடைத்தது. நீங்கள் நினைக்கிற மாதிரி நான் உடனே ‘நீங்க இல்லாம போகமாட்டேன்பா’ என்று சொல்லவில்லை. போகலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா 2018-ல் அதை எப்படிக் கடந்தார் என்பதும்.

“இறங்கிடலாம்பா” என்றேன்.

“சீ, மூணு ரயில் ஏறி வந்திருக்கோம்” என்றார்.

கைடுதான் முடிச்சை அவிழ்த்தான். உட்காரவே கூடாது, உடம்பு விறைத்துவிடும், ஒன்று ஏறணும் அல்லது இறங்கணும் என்றான். தூரத்தில் ஒரு பாறையைக் காட்டி, “அதுவரைக்கும் போகலாம் பாபுஜி, அங்கே போய் முடிவு பண்ணலாம்” என்றான். அப்பா எழுந்தார். நாற்பது அடி முடியவில்லை. இருபது ஆனது. பிறகு பத்து. பாறை வந்தது. யாரும் முடிவைப் பற்றிப் பேசவில்லை. அடுத்து ஒரு பாறை. இதற்குள் மேலே போனவர்கள் எல்லாம் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். தாண்டிப்போன ஒவ்வொருவரும், “அங்கிள், இதோ வந்தாச்சு” என்றார்கள். அந்த ‘இதோ’ ஒரு மணி நேரம் வந்தது.

8.40-க்கு உச்சியில் நின்றோம். சூரிய உதயம் முடிந்து வெகு நேரமாகிவிட்டது. யாருமே இல்லை. ஒரு சின்னக் கல் கோயில், ஒரு சூலம், நாங்கள் மூன்று பேர். எதிரே சுவர்க்காரோகிணி, அதற்குப் பக்கத்தில் பந்தர்பூஞ்ச். முன்னது, பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு ஏறிப்போனதாகச் சொல்லப்படும் மலை. பின்னது, டென்சிங் நார்கே எவரெஸ்ட்டில் நிற்பதற்கு மூன்று வருடம் முன்பு, 1950-ல் ஏறிய மலை. இரண்டுமே 20,000 அடிக்கு மேல்.

அப்பா ஜெர்க்கினுக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். பீரோ ஜனவரி! பிரித்து, எதிரே பிடித்து, ஒவ்வொரு மலையாக ஒத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். கைடும் வந்து பார்த்தான். படத்தின் அடியில் ஒரு மரவீடு இருந்தது. சரிந்த கூரை, ஜன்னலில் பூத்தொட்டி.

“பாபுஜி, இது ஸ்விட்சர்லாந்து மாதிரி இருக்கு” என்றான் கைடு.

அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நான் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, உட்கார்ந்துகொண்டு சிரித்தார். “முப்பது வருஷமா தப்பான ஃபைலையே பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்டா!”

இறங்குவதைப் பற்றி டாக்டர் சொன்னது சத்தியம். ஒவ்வொரு அடிக்கும் அப்பா பல்லைக் கடித்தார். ஆபத்தில்லாத ஒரு சரிவு வந்ததும் கைடு அவரை உட்காரவைத்துச் சறுக்கவிட்டான். ரிடையர்டு சூப்பரின்டெண்ட், இரண்டு கைத்தடியையும் மடியில் வைத்துக்கொண்டு, “ஏய் ஏய் ஏய்” என்று கத்திக்கொண்டே கீழே போனார். முட்டிக்கு அது ரொம்ப சௌகரியமாக இருந்ததாம். அடுத்த சரிவு எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

* * *

திருச்சி ஜங்ஷனில் இந்தத் தடவை மாலை இல்லை. சித்தப்பா உஷாராகிவிட்டார். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஆரம்பித்தார். “எல்லாம் இவன்தான். இவன் மட்டும் இல்லைன்னா...”

நான் குறுக்கிட்டேன். 2018-ல் நடந்தது அத்தனையும் சொன்னேன். வாந்தி, நேர்க்கோடு, அரை நிமிஷம், கேசரி. கூடம் அமைதியாகிவிட்டது. சித்தப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. “இப்ப எதுக்குடா அந்தக் கதையெல்லாம்? முடிஞ்சுபோன ஃபைலு!”

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். “எனக்கு அப்பவே தெரியும். முட்டி வலின்னு சொன்ன மனுஷன் மறுநாள் காலையில தண்ணிக் குடத்தோட மாடி ஏறினாரு.”

அன்று ராத்திரி அப்பா நீள நோட்டை எடுத்தார். ‘பனி’ தலைப்பில் செலவுகளை வரிசையாக எழுதினார். ரயில், ஜீப், கைடு, முட்டி உறை, டிக்கெட் ரத்துக்கான அபராதம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிக் கொடுத்தேன். அடியில் இரட்டைக் கோடு போட்டார்.

“மிச்சம் எவ்வளவு?” என்று கேட்டாள் அம்மா.

“340 ரூபாய்.”

“நாளைக்கு வெளிய போகும்போது முட்டிக்கு ஒரு தைலம் வாங்கிட்டு வாங்க.”

அப்பா பேனாவின் மூடியை மறுபடி திறந்தார்.